மிச்சமான நேரம் யாருடைய கணக்கில்?

வீட்டு வேலையை எளிதாக்கும் குறிப்புகளுக்கு நம்மிடையே என்றும் பஞ்சம் இருந்ததில்லை. நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும் வார இதழ்களின் ஓரக் கட்டங்களிலும் வந்துகொண்டிருந்தவை, இப்போது கைப்பேசித் திரையில் மணிக்கொன்றாக வருகின்றன. அவற்றுள் பல பயனுள்ளவை. ஆனால் சிலவற்றை நின்று எண்ணிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். எலுமிச்சைத் தோலைச் சேர்த்து வைத்து, ஊறவைத்து, வடிகட்டி, புட்டியில் நிரப்பித் தரை துடைக்கச் சொல்கிறது ஒரு குறிப்பு. தரை துடைப்பது ஒரு வேலையாக இருந்தது; இப்போது அது ஐந்து வேலைகளாகிவிட்டது. நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி வந்த குறிப்பு, நேரத்தைக் கடனாக வாங்கிச் சென்றுவிட்டது.

ஆகவே, ஒரு வீட்டுக் குறிப்பை ஏற்பதற்கு முன் இரண்டு கேள்விகளை நாம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று: இது ஒரு வேலையை விரைவாக்குகிறதா, அல்லது அந்த வேலையையே இல்லாமல் செய்கிறதா? மற்றொன்று: இதனால் மிச்சமாகும் நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது? முதற்கேள்விக்கு விடை தேட எங்கள் கொச்சியிலேயே நல்ல இடம் ஒன்று இருக்கிறது.

திருப்பூணித்துறையிலிருந்து மேற்கே, காயலைக் கடந்து மட்டாஞ்சேரி வழியாக ஃபோர்ட் கொச்சிக்குச் சென்றால், வேளி என்னும் பகுதியில் தோபிகானா என்று அழைக்கப்படும் சலவைத் துறை இருக்கிறது. அங்கே உழைப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய படைவீரர்களின் சீருடைகளைத் துவைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்களே இன்றைய சலவையாளர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முன்பு குளங்களின் கரையில் நடந்த இத்தொழிலுக்கு, 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள கட்டடத்தை அமைத்துக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் தொட்டியும் துவைகல்லும் கொண்ட தனித்தனித் தடுப்பு. அடுத்து, துணி உலர்த்துவதற்குப் பரந்த வெளி. தேய்ப்பதற்கு ஒரு கூடம்.

அந்த வெளியில் காற்றாடும் துணிகளைக் காணும் எவருக்கும் ஒன்று உடனே கண்ணில் படும். அங்கே துணிக் கவ்வி என்ற பொருளே இல்லை. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி, இழுத்துக் கட்டி, அந்த முறுக்கின் இடைவெளியில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள். காற்று வலுக்கும்போது கயிறு இன்னும் இறுகிப் பிடிக்கிறது. உலர்ந்த பின் ஒரு சுண்டு சுண்டினால் துணி கைக்கு வந்துவிடுகிறது. நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான துணிகளைக் கையாளுபவர்கள், துணிக்கு இரண்டு கவ்விகள் மாட்டி, மாலையில் அவற்றைக் கழற்றி, எண்ணி, டப்பாவில் போட்டு, உடைந்தவற்றை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது போதுமா? அவர்கள் கவ்வி மாட்டுவதை விரைவாக்கவில்லை. மாட்டும் வேலையையே நீக்கிவிட்டார்கள். எந்தக் குறிப்பேட்டிலும் எழுதப்படாத இந்த அறிவு, நான் அறிந்த வீட்டுக் குறிப்புகளிலெல்லாம் தலைசிறந்தது.

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இடவப்பாதி தொடங்கிவிட்டால் துணி உலர்த்துவது ஒவ்வொரு வீட்டிலும் தனிப்பெரும் கவலை. மாடி முகப்பில் ஒரு கொடி, கூடத்தில் ஒரு கொடி, படுக்கையறை நாற்காலியின் முதுகில் மிச்சம். இந்நிலையில் வேளியின் முறையை வீட்டிற்குக் கொண்டுவருவது கடினமன்று. நைலான் அல்லது பருத்திக் கயிறு இரண்டை முறுக்கி, இரு கொக்கிகளுக்கிடையே விறைப்பாகக் கட்டினால் போதும். ஓரத்தை மட்டும் செருகித் தொங்கவிடுவதால், கொடியின்மேல் இரண்டாக மடித்துப் போடும்போது சேரும் ஈரம் இதில் சேர்வதில்லை. துணியின் இருபுறமும் காற்றுப் படும். புதிய தேங்காய்நார்க் கயிற்றைப் பயன்படுத்த விரும்புவோர், அதைச் சில நாட்கள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உலர்த்திய பிறகே கட்ட வேண்டும். இல்லையெனில் நாரின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிடும்.

மழைக்காலத்திற்கு மேலும் ஓர் உண்மை உதவும். துணியிலுள்ள நீரைப் பிழிந்து நீக்குவதற்கு ஆகும் ஆற்றலைவிட, அதே நீரைச் சூட்டினால் ஆவியாக்குவதற்கு ஆகும் ஆற்றல் பன்மடங்கு அதிகம். எனவே சலவை இயந்திரம் உள்ள வீடுகளில், தடித்த துணிகளுக்கு மட்டும் பிழியும் சுற்றை இன்னொரு முறை ஓட்டுவது, ஈரத் துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை மீண்டும் மீண்டும் ஓட்டுவதைவிடச் சிக்கனமானது. அறைக்குள் உலர்த்தும்போது மின்விசிறியோடு ஒரு சன்னலையும் திறந்து வைக்க வேண்டும். ஈரக் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், விசிறி அதே ஈரத்தையே அறைக்குள் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கும்.

வேளியிலிருந்து கற்க வேண்டிய இரண்டாவது பாடம், வரிசை. துணி வந்ததும் முதலில் பிரிக்கப்படுகிறது. வெள்ளை தனி, சாயத்துணி தனி, கறை படிந்தவை தனி. ஊறவைத்தல், துவைத்தல், அலசுதல், கஞ்சி போடுதல், உலர்த்துதல், தேய்த்தல் என ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், அதனதன் நேரத்தில் நடக்கிறது. நம் வீடுகளில் பிரிக்கும் வேலை இயந்திரத்தின் வாயில் நின்றுகொண்டுதான் நடக்கிறது. அழுக்குத் துணிக்கு ஒரே கூடைக்குப் பதிலாக இரண்டு கூடைகள் வைத்துவிட்டால், துணியைக் களைபவரே அதைப் பிரித்தவராகிவிடுகிறார். ஒருவர் தலையில் விழுந்த வேலை, நால்வர் கையில் ஒரு நொடியாகக் கரைந்துவிடுகிறது.

கறையைப் பொறுத்தவரை, பொறுமையே பாதி உழைப்பை மிச்சப்படுத்தும். சாம்பார் சிந்திய சட்டையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதைக் கண்டு பலர் பதறித் தேய்க்கிறார்கள். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தில் சிவப்பாவது இயல்பு. அதே நிறப்பொருள் வெயிலில் வெளிறிவிடும். துவைத்த பின் எஞ்சும் மஞ்சள் கறையை வெயிலிடம் ஒப்படைப்பதே தக்கது. இரத்தக் கறைக்கு எப்போதும் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் அதைத் துணியிலேயே இறுக்கிவிடும். இஸ்திரி போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. நாள்தோறும் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்குவதைவிட, வாரத்திற்கு ஒருமுறை சேர்த்துத் தேய்ப்பது நல்லது. குறைந்த சூடு போதுமான செயற்கை இழைத் துணிகளில் தொடங்கி, பருத்தியில் முடித்து, மின்சாரத்தை நிறுத்திய பின் எஞ்சிய சூட்டில் கைக்குட்டைகளைத் தேய்த்துவிடலாம்.

துணியிலிருந்து அடுக்களைக்கு வருவோம். அங்கும் ஒரு வேலையை விரைவாக்குவதற்கும் நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, கேரளத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1962-இல் தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பு பரப்பிய பொருள்களில் ஒன்று ‘சூடாறாப்பெட்டி’. பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. உள்ளே தெர்மோகோல் பதித்த மூடிய பெட்டி அது. இங்கே பெரும்பாலான வீடுகளில் உண்ணப்படும் மட்டை அரிசி வேக நெடுநேரம் ஆகும். அரிசியை நன்றாகக் கொதிக்கவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடங்களில் அடுப்பை அணைத்து, மூடிய பாத்திரத்தை அப்படியே இப்பெட்டிக்குள் வைத்துவிட்டால், தன் சூட்டிலேயே அது வெந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வடித்தால் சோறு தயார். அரிசியின் வகைக்கேற்ப இந்த நேரத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும்.

எரிவாயு மிச்சமாவதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரியது, காவல் மிச்சமாவது. பொங்கி வழிகிறதா, அடி பிடிக்கிறதா, எத்தனை விசில் வந்தது என்று அடுப்போடு கட்டுண்டிருக்கும் மனம் விடுதலையாகிறது. அழுத்தக் கொதிகலனாகிய குக்கர் தண்ணீரை ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கச் செய்து சமையலை விரைவாக்கியது உண்மைதான். ஆயினும் விசிலை எண்ணும் வேலையை அது புதிதாகக் கொடுத்தது. சூடாறாப்பெட்டியோ யாரையும் கூப்பிடுவதில்லை. பெட்டி இல்லாதவர்கள், இறுக மூடிய பாத்திரத்தைத் தடித்த கம்பளியில் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்தும் இதைச் செய்து பார்க்கலாம். ஐரோப்பாவில் உலகப் போர்களின்போது எரிபொருள் தட்டுப்பாடு வந்த காலத்தில், வைக்கோல் அடைத்த பெட்டிகளில் மக்கள் இவ்வாறே சமைத்தார்கள். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: இடையில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, வெந்த உணவை நாள் முழுவதும் உள்ளேயே விட்டுவைக்கவும் கூடாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய உணவில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும்.

வடித்த கஞ்சியை வீணாக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் விறைப்புத் தர அதைவிட நல்ல பொருள் கடையில் இல்லை. வடிகட்டி, நீர் கலந்து, உலர்த்துவதற்குச் சற்று முன் துணியை அதில் நனைத்தெடுத்தால் போதும்.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு, நீக்கக்கூடிய வேலை இன்னொன்றும் உண்டு. மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, தொடர் வைப்புத் தவணை ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையே அது. நினைவில் வைப்பதும் உழைப்புதான். அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் யாரும் அதை வேலையாக எண்ணுவதில்லை. குறித்த நாளில் கணக்கிலிருந்து தானே செலுத்தும்படி ஒருமுறை ஆணை கொடுத்துவிட்டால் அந்தச் சுமை இறங்கிவிடும். அட்டை வழியாகவும் யுபிஐ வழியாகவும் செல்லும் இத்தகைய தானியங்கிச் செலுத்தங்களுக்கு, தொகை எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பைப் படிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. தொகை சரியா என்று பார்க்கும் பொறுப்பு எந்த வசதி வந்தாலும் நம்முடையதே.

இனி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். இத்தனை வழிகளில் மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன், 1983-இல் வெளியிட்ட தமது நூலில் இக்கேள்வியை ஆராய்ந்தார். சலவை இயந்திரமும் மின்னடுப்பும் தூசி உறிஞ்சியும் வந்த பின்னும் இல்லத்தரசிகளின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். உழைப்பு எளிதானபோது எதிர்பார்ப்பு உயர்ந்தது. வாரம் ஒருமுறை துவைத்த துணி அடிக்கடி துவைக்கப்பட்டது. முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த சில வேலைகள் மறைய, எஞ்சியவை பெண் ஒருவரின் பொறுப்பாயின.

இதே கதை நம் அடுக்களையிலும் நடந்தது. 1950-களில் கோயம்புத்தூரில் பிறந்த மாவரைக்கும் இயந்திரம், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மணிக்கணக்கில் கையால் சுற்றிய பெண்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை, அதில் ஐயமில்லை. ஆனால் இட்லியும் தோசையும் விசேட நாள் உணவாக இருந்த நிலை மாறி, நாள்தோறும் எதிர்பார்க்கப்படும் உணவாயின. அரைப்பது எளிதாயிற்று, அரைக்கும் நாட்கள் கூடின, கல்லைக் கழுவும் வேலை அப்படியே இருந்தது. வாரத்தில் ஒரே நாள் அரைத்து, குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்துவது என்று வீட்டார் அனைவரும் உடன்பட்டால்தான், அந்த இயந்திரம் தந்த நேரம் உண்மையில் மிச்சமாகும்.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அப்படி ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்திருந்தது. ஐந்து ஆண்டுகளில் பத்து நிமிடங்கள்! ஆண்களின் நேரமோ 88 நிமிடங்களாகிவிட்டது. குறைந்த வேலையைப் பகிர்ந்துகொள்வதற்குக்கூட அவர்கள் முன்வரவில்லை. இத்தனை குறிப்புகள், இத்தனை கருவிகள், பலன் இவ்வளவே.

ஆதலால் நான் வற்புறுத்த விரும்புவது இதுதான். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த குறிப்பு வீட்டுக் குறிப்பாகாது. அது அந்த ஒருவரின் தனித்திறமை மட்டுமே. அத்திறமையே நாளடைவில் அவரைக் கட்டிப்போடும் கயிறாகிவிடுகிறது. ‘அவளுக்குத்தான் பக்குவம் தெரியும்’ என்னும் பாராட்டுக்குள் ‘ஆகவே அவளே செய்யட்டும்’ என்னும் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சூடாறாப்பெட்டியில் அரிசியை எப்போது வைப்பது என்பதைப் பதினைந்து வயது மகனும் அறிந்திருக்க வேண்டும். கறைத்துணி எந்தக் கூடையில் போக வேண்டும் என்பது பணி ஓய்வு பெற்ற தந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது, எரிவாயு உருளை எப்போது பதிவு செய்யப்பட்டது, பாலுக்கு எவ்வளவு பாக்கி என்பனவற்றை ஒரு தாளில் எழுதி அடுக்களைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுவது, நான் பரிந்துரைக்கும் மிகச் சிறிய, மிகப் பயனுள்ள குறிப்பு. ஒருவர் மனத்தில் மட்டும் இருந்த சுமை சுவருக்கு மாறும்; சுவரிலிருந்து அனைவருக்கும் பொதுவாகும்.

மிச்சமாகும் நேரத்திற்கு உரிமையாளர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். சேமிப்புக் கணக்கில் பெயரில்லாமல் பணம் போடுவோமா? அதுபோல, இந்தப் புதிய ஏற்பாட்டால் மாலையில் அரை மணி நேரம் மிச்சமானால், அது யாருடைய உழைப்பிலிருந்து மிச்சமானதோ அவர் பெயரில் வரவு வைக்கப்பட வேண்டும். அவர் நடைப்பயிற்சிக்குச் செல்லலாம், படிக்கலாம், ஒன்றும் செய்யாமல் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் ‘ஒரு வடை தட்டிவிடேன்’ என்று கேட்பது, பிறர் கணக்கிலிருந்து அனுமதியின்றிப் பணம் எடுப்பதற்கு ஒப்பாகும்.

‘இவ்வளவு எதற்கு? வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டால் தீர்ந்தது’ என்று சிலர் சொல்லலாம். தவறில்லை, பணிக்குச் செல்லும் இணையர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் அப்போது உழைப்பு மறைவதில்லை, வேறொருவர் தோளுக்கு மாறுகிறது. வேளியின் சலவையாளர்கள் நம் கைகளுக்கு ஓய்வு தரத் தம் கைகளை நாள் முழுவதும் நீரில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய இளைய தலைமுறையினர் பலர் வேறு தொழில்களைத் தேடிச் செல்கிறார்கள் என்றால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் நேரத்தை மிச்சப்படுத்தித் தருபவருக்குப் பேரம் பேசாத கூலியும் குறித்த நாளில் செலுத்தமும் தருவது, நாம் அவருக்குச் செய்யும் சலுகையன்று. மிச்சமான நேரத்தின் விலை அது. ஒரு துணிக்கு ஓரிரு ரூபாய் குறைத்துப் பெறும் சேமிப்பு, சேமிப்பே ஆகாது.

அடுத்த முறை ஒரு குறிப்பு உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, அதை மற்றவருக்கு அனுப்புவதற்கு முன் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எந்த வேலை வீட்டை விட்டுப் போகிறது? யாருக்கு நேரம் வருகிறது? இரண்டுக்கும் தெளிவான விடை இருந்தால், அக்குறிப்பை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிக் கொடுங்கள். முதற்படியாக, வரும் ஞாயிறன்று இரண்டு கயிறுகளை எடுத்து முறுக்கிக் கட்டுங்கள். கட்டும் வேலையை, இதுவரை அவ்வீட்டில் ஒருநாளும் துணி உலர்த்தாதவரிடம் கொடுங்கள்.